கார் முன் கண்ணாடி மாற்ற எவ்வளவு ஆகும்? கல் பட்டதிலிருந்து பில் கட்டும் வரை முழு வழிகாட்டி

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல்டோ, வேகன் ஆர், ஸ்விப்ட் மாதிரிச் சின்னக் கார்களுக்கு வெளிக்கடையில் கண்ணாடி, பேஸ்டிங், கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4,500 முதல் 8,000 ரூபாய் ஆகும். அதே காரை கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டால் 7,000 முதல் 12,000 வரை பில் வரும். கிரெட்டா, செல்டாஸ், இன்னோவா அளவு வண்டிகளுக்கு 9,000 முதல் 18,000. கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்த அடாஸ் வண்டி (தானாக பிரேக் அடிப்பது போன்ற ஓட்டுநர் உதவி வசதி உள்ளது) என்றால் 20,000 ரூபாய்க்குள் முடிவது அரிது. பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி வகையறாவில் 50,000-இல் தொடங்கி ஒரு லட்சத்தைத் தாண்டிப் போகும். இவையெல்லாம் தமிழ்நாட்டு நிலவரத்தை வைத்துச் சொல்லும் தோராயக் கணக்கு. மாடல், வேரியன்ட், ஊர் மூன்றும் தொகையை மேலும் கீழும் இழுக்கும்.

ஆனால் இந்தத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பணம் வேறு பக்கம் கசியும். 800 ரூபாயில் அடைத்திருக்க வேண்டிய சின்னச் சில்லுக்காகக் கண்ணாடியையே மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். 8,000 ரூபாய் பில்லுக்கு இன்சூரன்ஸ் கிளைம் போட்டுவிட்டு, அடுத்த ஐந்து வருடம் பிரீமியத்தில் அதைவிட அதிகமாகக் கட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். மூன்றாவது வகைதான் என்னைக் கவலைப்பட வைப்பது: கண்ணாடியை நல்லதாக வாங்கிவிட்டு, ஒட்டும் வேலையில் ஐந்நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பவர்கள். ஆகவே வரிசையாகப் போவோம்.

கல் பட்டவுடன் செய்ய வேண்டியது

செங்கல்பட்டு, திண்டிவனம் பக்கம் ஜல்லி லாரிக்குப் பின்னால் ஓட்டிப் பழகியவர்களுக்கு அந்த 'டக்' சத்தம் தெரியும். கல் பட்ட இடத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் குழியும், அதைச் சுற்றி நட்சத்திரம் போலவோ வட்டமாகவோ ஒரு தடமும் இருக்கும். கண்ணாடி முழுசாக நொறுங்கி மேலே விழாது. காரணம், முன் கண்ணாடி என்பது இரண்டு தகடு. ஒவ்வொன்றும் சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன், நடுவில் பிவிபி என்ற பிளாஸ்டிக் படலம். அடி பெரும்பாலும் வெளித் தகட்டோடு நின்றுவிடும். பக்கக் கண்ணாடியும் பின் கண்ணாடியும் பொதுவாக வேறு வகை, டெம்பர்டு. அவை உடைந்தால் சின்னச் சின்ன உருண்டையாகக் கொட்டிவிடும், அடைக்க வழியே இல்லை.

வண்டியை ஓரம் கட்டியதும் சில்லு விழுந்த இடத்தின் மேல் ஒரு துண்டு செல்லோ டேப் ஒட்டிவிடுங்கள். தண்ணீரும் தூசியும் உள்ளே போகாமல் இருந்தால்தான் பிறகு ரெசின் ஊற்றி அடைக்கும்போது சுத்தமாகப் பிடிக்கும். துணியால் தேய்க்க வேண்டாம், விரலால் தடவிப் பார்க்க வேண்டாம், அந்தப் பக்கம் வைப்பர் போட வேண்டாம்.

அப்புறம் வெயில். மே மாதத்தில் மூன்று மணி நேரம் வெயிலில் நின்ற வண்டியில் ஏறி, ஏசியை முழு வேகத்தில் வைத்து முன் கண்ணாடி மேல் திருப்பினால், காலையில் அரை அங்குலம் இருந்த கீறல் மாலைக்குள் ஒரு முழம் ஆகிவிடும். கண்ணாடியின் ஒரு பக்கம் கொதிக்க, மறுபக்கம் குளிர, ஏற்கெனவே பலவீனமான இடத்தில் அந்த இழுப்பு வேலை செய்யும். வாட்டர் வாஷில் சூடான கண்ணாடி மேல் தண்ணீர் பீச்சினாலும் அதே கதைதான். அடைக்கும்வரை நிழலில் நிறுத்துங்கள், ஏசி காற்றை முகத்துப் பக்கம் வையுங்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள்.

அடைக்கலாமா, மாற்ற வேண்டுமா

அடைப்பது என்றால் என்ன என்று தெரிந்துகொண்டால் யாரும் உங்களை ஏமாற்ற முடியாது. குழியின் மேல் சின்னக் கருவி ஒன்றைப் பொருத்தி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் தண்ணீர் மாதிரி ஓடும் ரெசினை அழுத்தி இறக்குவார்கள். புற ஊதா விளக்கைச் சில நிமிடம் காட்டினால் ரெசின் இறுகிவிடும். மேலே பிளேடால் சுரண்டி, பாலிஷ் போட்டு முடிப்பார்கள். மொத்தம் அரை மணி, முக்கால் மணி நேர வேலை. ஒரு சில்லுக்கு 500 முதல் 1,500 ரூபாய் கேட்பார்கள். தடம் முழுதாக மறைந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உற்றுப் பார்த்தால் ஒரு புள்ளி தெரியும். விரிசல் மேற்கொண்டு ஓடாமல் நிற்பதுதான் இதில் கிடைக்கும் பலன்.

அடைக்கத் தகுந்தது எது? சில்லு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் மறைய வேண்டும். கண்ணாடியின் விளிம்பைத் தொடக் கூடாது. ஓட்டுநரின் கண்ணுக்கு நேராக இருக்கக் கூடாது, ஏனென்றால் அடைத்த புள்ளி இரவில் எதிர்வண்டி வெளிச்சத்தில் மினுங்கிக்கொண்டே இருக்கும். உள்பக்கத் தகட்டில் கீறல் இருக்கக் கூடாது. உள்ளே கைவிரல் நகத்தால் மெதுவாக இழுத்துப் பாருங்கள், நகம் தட்டினால் உள்தகடும் போயிருக்கிறது. அடாஸ் கேமரா பார்க்கும் பகுதியில் சில்லு இருந்தால் அடைக்காமல் மாற்றுவதே சரி.

நீளமான விரிசல், குறிப்பாக ஓரத்திலிருந்து கிளம்பிய விரிசல் என்றால் யோசிக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். கண்ணாடி அதிகம் இழுபடுவது ஓரத்தில்தான், அங்கே கிளம்பியது நிற்காது.

மாற்ற வேண்டிய கண்ணாடியோடு மாதக்கணக்கில் ஓட்டுவதை நான் ஏன் இவ்வளவு எதிர்க்கிறேன் என்றால், முன் கண்ணாடி காற்றைத் தடுக்க மட்டும் இருப்பதில்லை. பயணி பக்கத்து ஏர்பேக் டேஷ்போர்டின் மேல்பக்கமாக வெடித்து வரும் வண்டிகளில், அது முதலில் முன் கண்ணாடியில் மோதித்தான் பயணியை நோக்கித் திரும்புகிறது. கண்ணாடி பிடிப்பாக இல்லாவிட்டால் ஏர்பேக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். வண்டி உருண்டால் கூரை நசுங்காமல் தாங்குவதிலும் இந்தக் கண்ணாடிக்குப் பங்கு உண்டு. முன் இருக்கை இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டதால், இன்று ஷோரூமிலிருந்து வரும் பெரும்பாலான கார்களுக்கு இது பொருந்தும்.

எந்தக் கண்ணாடி என்று தெரிந்து கேளுங்கள்

கடைக்குப் போன் போட்டு "கிரெட்டாவுக்கு முன் கண்ணாடி என்ன விலை?" என்று கேட்டால் வரும் பதில் பெரும்பாலும் தவறாகவே இருக்கும். ஒரே மாடலில் மழை சென்சார் உள்ள கண்ணாடி ஒன்று, இல்லாதது ஒன்று, கேமரா தாங்கி உள்ளது ஒன்று, சத்தம் குறைக்கும் படலம் வைத்தது ஒன்று என்று இருக்கும். கண்ணாடியின் நடு மேல்பகுதியைப் போட்டோ எடுத்து, ஆர்சியில் இருக்கும் சேசிஸ் நம்பரோடு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு விலை கேளுங்கள். சேசிஸ் நம்பர் இருந்தால் உங்கள் வண்டிக்கு எந்தப் பார்ட் என்று அவர்களால் சரியாகப் பார்க்க முடியும்.

பலேனோ, பிரெஸ்ஸா வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அவற்றில் வேகம் காட்டும் ஹெட்அப் டிஸ்ப்ளே டேஷ்போர்டிலிருந்து எழும் தனித் தகட்டில்தான் தெரிகிறது. அதைக் காரணம் காட்டி யாராவது விலை ஏற்றினால் கேள்வி கேளுங்கள்.

கண்ணாடியின் கீழ் மூலையில் பொறித்திருக்கும் முத்திரையைப் படிக்கப் பழகுங்கள். தயாரிப்பாளர் பெயர், லேமினேட்டட் என்ற குறிப்பு, ஐஎஸ்ஐ முத்திரையோடு ஐஎஸ் 2553 என்ற எண் ஆகியவை இருக்க வேண்டும். இந்தியாவில் ஓடும் கார்களில் நீங்கள் அதிகம் பார்க்கும் பெயர்கள் இரண்டு: ஏஐஎஸ் என்ற ஆசாஹி இந்தியா, செக்குரிட் என்ற செயின்ட் கோபைன். கார் கம்பெனிகளுக்குக் கண்ணாடி போடுவதும் இவர்களே, வெளிச் சந்தைக்கு விற்பதும் இவர்களே. ஆகவே கார் கம்பெனி லோகோ இல்லாத, ஆனால் இந்தத் தயாரிப்பாளர் முத்திரை உள்ள கண்ணாடியை நல்ல கடையில் வாங்கத் தயங்க வேண்டியதில்லை. விலை வித்தியாசத்தில் கணிசமான பங்கு லோகோவுக்கும் பெட்டிக்கும் போகிறது.

முத்திரையே இல்லாத கண்ணாடியைத் தொடாதீர்கள். அதில் வரும் தொல்லை பார்வைக் கோணல். சரிபார்க்க ஒரு வழி: பொருத்தும் முன் கண்ணாடியை நிற்கவைத்து, அதன் வழியாக எதிரே இருக்கும் ஜன்னல் கம்பியையோ டியூப் லைட்டையோ பார்த்தபடி தலையை இடமும் வலமும் அசையுங்கள். கம்பி நெளிந்தால் கண்ணாடி வேண்டாம். இரவில் ஓட்டும்போது எதிர்வண்டி விளக்கு இரண்டிரண்டாகத் தெரிந்து தலைவலி வருவது இந்த மாதிரிக் கண்ணாடியால்தான்.

சென்னையின் பழைய பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய கண்ணாடி பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். பம்பர், கதவு, விளக்கு என்றால் சரி, அங்கே நல்ல பொருள் எடுக்கலாம். முன் கண்ணாடியை மட்டும் அங்கே வாங்க வேண்டாம். ஒட்டிய கண்ணாடியை அறுத்து எடுக்கும்போது ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சிராய்ப்பு விழும், பழைய பசையும் அதில் இருக்கும். சில வாரத்தில் காரணமே இல்லாமல் கீறல் விட்டால் மறுபடி முழுச் செலவு.

இன்சூரன்ஸ்: கிளைம் போடுவதற்கு முன் இந்தக் கணக்கு

இந்த இடத்தில் மெதுவாகப் படியுங்கள், பணம் அதிகம் போவதும் மிஞ்சுவதும் இங்கேதான்.

வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி என்றால் கண்ணாடிக்கு ஒரு ரூபாயும் கிடைக்காது. உங்கள் வண்டியின் சேதத்தையும் ஏற்கும் காம்ப்ரிஹென்சிவ் அல்லது ஓன் டேமேஜ் பாலிசி இருந்தால் கிடைக்கும். நம் நாட்டு மோட்டார் இன்சூரன்ஸில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. வண்டிக்குப் பத்து வயதானாலும் கண்ணாடியின் விலை முழுதாகக் கணக்கில் வரும். ரப்பர், பிளாஸ்டிக், நைலான் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். பசை, பிரைமர் (பசை பிடிக்கப் பூசும் திரவம்) போன்ற நுகர்பொருள்களை, அவற்றுக்கான கூடுதல் பாதுகாப்பான கன்சியூமபிள் ஆட்-ஆன் இல்லையென்றால் ஒதுக்கிவிடுவார்கள். கடைசியில், ஒவ்வொரு கிளைமிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு: 1,500 சிசி வரை உள்ள தனியார் காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேல் 2,000. பிரீமியம் குறைய வேண்டும் என்று பாலிசி எடுக்கும்போது வாலண்டரி டிடக்டிபிள், அதாவது நீங்களே விரும்பி ஏற்கும் கூடுதல் கழிவு ஏதாவது ஒப்புக்கொண்டிருந்தால் அதுவும் இதோடு சேரும். பாலிசித் தாளை எடுத்து ஒருமுறை பாருங்கள். ஆன்லைனில் எடுத்தவர்களில் பலருக்கு அப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்தது நினைவிலேயே இருக்காது.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம். 1,200 சிசி ஹேட்ச்பேக், சர்வீஸ் சென்டர் பில் என்று வைத்துக்கொள்ளுங்கள்:

- கண்ணாடி 6,000
- பசை, பிரைமர் 900
- பீடிங் (கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டை) 500
- கிளிப்புகள் 200
- கூலி 1,200
- 18 சதவீத ஜிஎஸ்டி 1,584
- மொத்தம் 10,384

இதில் இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்றுக்கொள்வது கண்ணாடி 6,000, கூலி 1,200, பீடிங்கில் பாதி 250, கிளிப்பில் பாதி 100. ஆக 7,550, வரியோடு 8,909. அதில் 1,000 கழித்தால் 7,909 ரூபாய் கிடைக்கும். உங்கள் கையிலிருந்து 2,475. கேஷ்லெஸ் என்று சொன்னாலும் இந்த 2,475-ஐ நீங்கள்தான் கட்ட வேண்டும்.

7,909 கிடைக்கிறதே, லாபம்தானே? இங்கேதான் நோ கிளைம் போனஸ் என்ற என்சிபி வருகிறது. கிளைம் இல்லாத ஆண்டுகளுக்கு ஓன் டேமேஜ் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடி அது. ஒரே ஒரு கிளைம் போட்டால் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். தேர்டு பார்ட்டி பிரீமியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

உங்கள் முழு ஓன் டேமேஜ் பிரீமியம், தள்ளுபடிக்கு முன், 12,000 ரூபாய் என்று வைப்போம். 50 சதவீத என்சிபியில் இருக்கிறீர்கள், அதனால் கட்டுவது 6,000. கிளைம் போட்டால் அடுத்த ஆண்டு 12,000. பிறகு 9,600, 9,000, 7,800, 6,600 என்று இறங்கி, ஆறாவது ஆண்டில்தான் மறுபடி 6,000-க்கு வருவீர்கள். ஒவ்வொரு ஆண்டும் கூடுதலாகக் கட்டியது 6,000, 3,600, 3,000, 1,800, 600. கூட்டினால் 15,000. ஜிஎஸ்டி சேர்த்தால் 17,700. கையில் வந்தது 7,909.

வண்டியின் மதிப்பு ஆண்டுதோறும் குறைவதால் பிரீமியமும் குறையும், ஆகவே உண்மை இழப்பு இதைவிடக் கொஞ்சம் கம்மி. ஆனாலும் முடிவு மாறாது: 50 சதவீத என்சிபி வைத்திருப்பவர் சின்னக் காரின் கண்ணாடிக்குக் கிளைம் போடக் கூடாது. அதே கணக்கை, இப்போது 20 சதவீதத்தில் இருப்பவருக்குப் போட்டால் இழப்பு வரிக்கு முன் 9,600. வண்டி வாங்கி முதல் ஆண்டே, என்சிபி இன்னும் சேரத் தொடங்காதவருக்கு 6,000. உங்கள் பிரீமியத்தைப் போட்டு நீங்களே பத்து நிமிடத்தில் கணக்குப் பார்க்கலாம். என்சிபி உங்களோடு வருவது, வண்டியோடு போவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். பழைய காரை விற்றுப் புதுக் கார் வாங்கும்போது அந்த 50 சதவீதம் புதுக் காரின் பெரிய பிரீமியத்தில் இறங்கும்.

சரி, எப்போது தயங்காமல் கிளைம் போடலாம்?

இதே பாலிசி ஆண்டில் பம்பருக்கோ கதவுக்கோ ஏற்கெனவே கிளைம் போட்டிருந்தால் தாராளமாகப் போடலாம். என்சிபி போனது போனதுதான், இரண்டாவது கிளைமால் அது மேலும் இறங்காது. கட்டாயக் கழிவு மட்டும் தனியாகப் பிடிப்பார்கள். என்சிபி பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தாலும் போடலாம். எத்தனை கிளைம் வரை பாதுகாப்பு என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி, பைபர், பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குக் கிளைம் போட்டால் என்சிபி பாதிக்காது என்று சில கம்பெனிகள் தனி ஆட்-ஆன் தருகின்றன. அது இருந்தால் இந்தக் கணக்கே தேவையில்லை. அடாஸ் வண்டி, சொகுசு வண்டி என்று பில் 30,000-க்கு மேல் போகும்போது பெரும்பாலும் கிளைம்தான் லாபம்.

கிளைம் போடுவது என்று முடிவானால் கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். இதுதான் தவறவே கூடாத விதி. கழற்றிய பிறகு சொன்னால் சேதத்தைக் காட்ட எதுவும் இருக்காது. நம்பர் பிளேட்டும் விரிசலும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ, விரிசலை நெருக்கமாக ஒன்று, உள்ளிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்சி, ஓட்டுநர் உரிமம், பாலிசி நகல் போதும். பல கம்பெனிகள் செயலியிலேயே வீடியோ வாங்கிக்கொண்டு ஒப்புதல் கொடுத்துவிடுகின்றன. யாராவது வேண்டுமென்று கல்லெறிந்து உடைத்திருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சிஎஸ்ஆர் என்ற புகார் ரசீது வாங்கி வையுங்கள், கேட்பார்கள்.

கடையைத் தேர்ந்தெடுப்பது

வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டி, அடாஸ் வண்டி, இன்சூரன்ஸில் போகும் வண்டி மூன்றுக்கும் சர்வீஸ் சென்டரோ, இன்சூரன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள கண்ணாடி நிறுவனமோ நல்லது. மற்ற வண்டிகளைக் கண்ணாடி மட்டுமே செய்யும் கடைக்குக் கொண்டுபோவதையே நான் சொல்வேன். சென்னையில் ஜிபி ரோடு பக்கம் இப்படிப்பட்ட கடைகள் உண்டு, மற்ற பெரிய ஊர்களிலும் தேடினால் கிடைக்கும். நாள் முழுக்க இதே வேலையைச் செய்கிறவரின் கைக்கும், வாரத்துக்கு ஒன்று செய்கிற கைக்கும் வித்தியாசம் உண்டு.

போனில் விலை கேட்கும்போதே இதையெல்லாம் கேட்டுவிடுங்கள். கண்ணாடி எந்த பிராண்டு? சொன்ன விலையில் பசை, பிரைமர், பீடிங், கூலி, ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்ததா? பசை எது? தண்ணீர் கசிந்தால் எத்தனை நாளுக்குள் வந்து இலவசமாகச் சரிசெய்து தருவீர்கள், அதை பில்லில் எழுதித் தருவீர்களா? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு கடை பாருங்கள்.

வீட்டுக்கே வந்து மாற்றித் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். நிழலான, சமதரையான, தூசி பறக்காத இடம் இருந்தால் சரி. மழை நாளில், கூரையில்லாத இடத்தில் வேண்டவே வேண்டாம்.

பொருத்தும் நாள்: கூடவே நில்லுங்கள்

பழைய அம்பாசடரிலும், பல லாரி பேருந்துகளிலும் கண்ணாடியை ரப்பர் பீடிங்குக்குள் சொருகி, சோப்புத் தண்ணீர் தடவி, கயிற்றை இழுத்து உட்கார வைப்பார்கள். இன்றைய கார்களில் கண்ணாடி உடலோடு ஒட்டப்பட்டிருக்கிறது. ஒட்டுவது பாலியூரித்தேன் பசை. கடையில் பியூ என்பார்கள். வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

முதலில் வைப்பர் கைகள், கண்ணாடிக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக் கவர், உள்ளே ரியர்வியூ கண்ணாடியின் தாங்கி, ஓரத் தூண்களின் கவர் எல்லாம் கழலும். டேஷ்போர்டின் மேல் துணி விரித்திருக்கிறார்களா பாருங்கள், இல்லாவிட்டால் கண்ணாடித் துகள் ஏசி ஓட்டைக்குள் போய் மாதக்கணக்கில் மேலே வந்துகொண்டிருக்கும். பிறகு மெல்லிய கம்பியைப் பசைக்குள் செலுத்தி, உள்ளே ஒருவர் வெளியே ஒருவர் இழுத்து அறுத்து எடுப்பார்கள்.

இப்போது கண்ணாடி உட்காரும் தகர விளிம்பு தெரியும். அதில் பழைய பசையை மேலாக மட்டும் சீவி, ஓரிரு மில்லிமீட்டர் அடுக்கை விட்டுவைப்பதுதான் சரியான முறை. தகரம் வரை சுரண்டினால் பெயின்ட் போய்விடும். பெயின்ட் போன இடத்தில் பிரைமர் பூசாமல் மேலே பசை போட்டால் உள்ளுக்குள் துரு பிடிக்கும். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். இரண்டு வருடம் கழித்து மழையில் கால் மிதியடி நனையும்போதுதான் தெரியவரும், அப்போது யாரிடமும் கேட்க முடியாது. "பெயின்ட் போன இடத்துக்கு பிரைமர் போடுங்க அண்ணே" என்று அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும், செய்துவிடுவார்கள்.

பசை டியூபைக் கையில் வாங்கிப் பாருங்கள். சீல் உடையாததா, காலாவதித் தேதி தாண்டாததா என்று பார்க்க வேண்டும். சிகா, 3எம் மாதிரி நிறுவனங்களின் ஆட்டோ கிளாஸ் பசைகள் பரவலாகப் புழக்கத்தில் உள்ளன. பழைய டியூபில் மீந்த பசை, அல்லது மீன்தொட்டிக்கும் பாத்ரூமுக்கும் போடும் சிலிக்கான் என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சிலிக்கான் தண்ணீரைத் தடுக்கும், ஆனால் விபத்தில் கண்ணாடியைப் பிடித்து நிறுத்தாது. பியூவுக்கும் இதற்கும் விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம்.

கண்ணாடியின் ஓரத்துக் கறுப்புப் பட்டையில் கிளீனர் துடைத்து, பிரைமர் பூசி, காயவிட வேண்டும். பிறகு பசையை ஒரே ஓட்டத்தில், நடுவில் விட்டுப்போகாமல், முக்கோணக் கோடாகச் சுற்றி இடுவார்கள். இரண்டு பேர் சேர்ந்து உறிஞ்சுபிடியால் தூக்கி ஒரே தடவையில் சரியாக உட்கார வைப்பார்கள். வைத்த பிறகு தள்ளித் தள்ளி நகர்த்தினால் பசைக் கோடு உடையும், அந்த இடத்தில் பிறகு கசியும்.

எப்போது வண்டியை எடுக்கலாம் என்பது பசையைப் பொறுத்தது. சில பசைகளுக்கு ஒரு மணி நேரம், சிலவற்றுக்கு ஆறேழு மணி நேரமும் ஆகும். டியூபில் எழுதியிருக்கும், அதை நம்புங்கள். மதியம் மாற்றி, இரவு கடையிலேயே விட்டு, மறுநாள் காலையில் எடுப்பது எனக்குப் பிடித்த வழி. முதல் இரண்டு நாள் ஒரு ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், கதவு சாத்தும்போது உள்ளிருக்கும் காற்று புதுக் கண்ணாடியைத் தள்ளாமல் இருக்கும். மேலே ஒட்டிய டேப்பை அவர்கள் சொல்லும்வரை பிய்க்க வேண்டாம். பிரஷர் வாஷ், மேடு பள்ளமான சாலை இரண்டையும் தள்ளிப் போடுங்கள். சாதாரண மழை பட்டால் பயமில்லை, பியூ காற்றில் உள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகுகிறது.

வைப்பர் ரப்பரையும் கையோடு மாற்றிவிடுங்கள். மணல் ஏறிய பழைய ரப்பர் புதுக் கண்ணாடியில் முதல் வாரமே வில் மாதிரிக் கோடு போட்டுவிடும்.

அடாஸ் வண்டி என்றால் கூடுதல் வேலை

எக்ஸ்யூவி 700, ஆஸ்டர், ஹாரியர், வெர்னா, புதிய கிரெட்டா போன்றவற்றின் மேல் வேரியன்ட்களில் உள்ளே இருக்கும் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கும். லேன் பிடிப்பது, தானாக பிரேக் அடிப்பது எல்லாம் அதன் பார்வையை நம்பித்தான். கண்ணாடி மாறியதும் கேமரா பார்க்கும் கோணம் இம்மியளவு மாறினாலும், தூரத்தில் அது பெரிய விலகலாகிவிடும். அதனால் கேமராவின் கோணத்தைச் சரிப்படுத்தும் கேலிபரேஷன் கட்டாயம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்னால் அளந்த தூரத்தில் குறிப்பலகை வைத்து, ஸ்கேனர் மாட்டிச் செய்வது ஒரு முறை. கோடு தெளிவாக உள்ள சாலையில் ஓட்டிச் செய்வது இன்னொன்று. எது என்பதைக் கார் கம்பெனி தீர்மானிக்கிறது.

டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லையே என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கோணம் தவறிய கேமரா விளக்கு எரியாமலேயே தவறாகப் பார்க்கும். எஸ்டிமேட்டில் கேலிபரேஷன் தனி வரியாக இருக்கிறதா, முடிந்ததும் ஸ்கேனர் ரிப்போர்ட்டின் நகல் தருவார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

வண்டியை எடுக்கும்போதும், அதற்குப் பிறகும்

பசை இறுகிய பிறகு ஹோஸால் மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் விட்டு, உள்ளே ஓரத் தூண், மேல் ஓரம், கால் மிதியடி ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். மறுநாள் ஹைவேயில் 80-இல் போகும்போது விசில் மாதிரிக் காற்றுச் சத்தம் வந்தால் பீடிங் சரியாக உட்காரவில்லை, உடனே காட்டுங்கள். புதுக் கண்ணாடிக்கு கூலிங் ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்று கடையில் கேட்பார்கள். முன் கண்ணாடியில் வெளிச்சம் குறைந்தது 70 சதவீதம் ஊடுருவ வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. இரவில் நீங்கள் பார்க்க வேண்டிய கண்ணாடியும் அதுதான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாஸ்டேக் பழைய கண்ணாடியோடு போய்விடும். பிய்த்தால் கிழியும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள், எடுத்து மறுபடி ஒட்ட முடியாது. டேக் கொடுத்த அதே வங்கியின் செயலியிலோ கஸ்டமர் கேரிலோ மாற்று டேக் கேளுங்கள். கணக்கில் இருக்கும் பணம் அப்படியே இருக்கும், டேக்குக்கு மட்டும் சின்னத் தொகை பிடிப்பார்கள். வேறு வங்கியில் புதிதாக வாங்கினால் ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்ற விதியில் பழையது முடங்கி, மீதிப் பணத்துக்கு அலைய வேண்டிவரும். கண்ணாடி மாற்றத் தேதி குறித்ததுமே டேக்குக்கு விண்ணப்பித்துவிட்டால், டோல்கேட்டில் கூடுதல் கட்டணம் கட்டாமல் தப்பிக்கலாம்.

2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் முன் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு வண்ண ஸ்டிக்கர் இருக்கும். பெட்ரோல், சிஎன்ஜிக்கு நீலம், டீசலுக்கு ஆரஞ்சு. அது மூன்றாவது நம்பர் பிளேட் என்ற கணக்கில் வருவது. அதுவும் கண்ணாடியோடு போய்விடும். வண்டி வாங்கிய டீலரிடம் ஆர்சி நகலோடு சொல்லி மாற்று ஸ்டிக்கர் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்கள்.

பில்லில் கண்ணாடி பிராண்டு, பசையின் பெயர், தேதி, கசிவு உத்தரவாதம் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துப் பத்திரப்படுத்துங்கள். கிளைம் போட்டிருந்தால், அடுத்த புதுப்பித்தலில் வேறு கம்பெனிக்கு மாறும்போது 'கடந்த ஆண்டு கிளைம் உண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே குறிக்க வேண்டும். தள்ளுபடி ஆசையில் 'இல்லை' என்று குறித்தால், பிறகு பெரிய விபத்து நடந்து கிளைம் போடும்போது பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்த்து அந்தக் கிளைமையே நிராகரிக்க முடியும்.